அட்டாரியா, மைக்ரோ ஜீனியஸா, மெகா டிரைவா? லயத்து வீட்டுக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களில் நாலு பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் எப்போதாவது டிவியோடு இணைத்து ஆடும் கேம் பெட்டிகளுக்கு வந்துவிடும். வந்ததும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒருவருக்கு அட்டாரி, ஒருவருக்கு மைக்ரோ ஜீனியஸ், கொஞ்சம் இளையவருக்கு மெகா டிரைவ். படம் எதில் அழகு, சத்தம் எதில் அருமை என்று வாதம் நீளும்.

அதெல்லாம் பாதிக் கணக்குதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் ஒரு பெட்டி தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்தவை வேறு: வீட்டில் கறுப்பு வெள்ளை டிவியா கலர் டிவியா, தோட்டத்து ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும், வாசலில் எத்தனை பிள்ளைகள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டால் நான் மைக்ரோ ஜீனியஸ் கட்சி. ஆனாலும் அட்டாரியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

அட்டாரி 2600 அமெரிக்காவில் 1977இல் வெளிவந்தது. எங்கள் பக்கம் அது வந்து சேர்ந்தபோது புதிதாக இல்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுப் பிள்ளைகள் ஆடி அலுத்த பிறகு கைமாறி வந்ததுதான் அதிகம். அதன் வேலை நினைவகம் 128 பைட். இந்த வாக்கியத்தைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது. திரையின் படத்தை முழுதாகச் சேமித்து வைக்க இடமே இல்லாததால், டிவியின் ஒளிக்கதிர் ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்க இறங்க, அந்தந்தக் கோட்டை அந்தந்த நொடியில் வரைந்து கொடுத்தது அந்தப் பெட்டி. ஆட்டக்காரர் உருவங்களுக்கு இரண்டே இடம். 1982இல் வந்த பேக்மேனில் பேய்கள் நான்கு. ஆகவே அவை மாறி மாறித் தோன்றி மினுக்கின. டிவிதான் கெட்டுவிட்டது என்று அதன் தலையில் தட்டிய அப்பாக்கள் எத்தனை பேரோ.

ஆனால் அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விசை உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் கலர், மறுபக்கம் கறுப்பு வெள்ளை. தள்ளியதும் பல கேம்கள் தங்கள் நிறங்களைச் சாம்பல் வண்ணங்களாக மாற்றிக்கொள்ளும். எது எதிரி, எது சுவர் என்று குழப்பம் வராது. மலேசியாவில் கலர் ஒளிபரப்பு 1978இல் தொடங்கிவிட்டாலும், லயத்து வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இன்னும் பல ஆண்டுகள் குந்தியிருந்தது. எங்கோ கடல் கடந்து ஒருவன் நம் வீட்டு டிவியை நினைத்து வைத்த விசை என்றே எனக்குத் தோன்றும். இன்னொன்று, அட்டாரியின் ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு முடிவே கிடையாது. பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றாலும் போவது வெறும் புள்ளிகள்தான்.

மைக்ரோ ஜீனியஸ் தைவான் பெட்டி. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்கத் தொடங்கிய ஃபேமிகாமின் நகல். அசலை யாராவது ஜப்பானிலிருந்து தூக்கி வந்திருந்தாலும் இங்கே பயனில்லை. ஜப்பான் டிவி முறை என்டிஎஸ்சி (NTSC), நம்முடையது பால் (PAL). நகல் எடுத்தவர்கள் பால் டிவிக்கு ஏற்றபடி செய்து அனுப்பினார்கள். நம் டிவி நொடிக்கு 50 தடவை படம் மாற்றும், ஜப்பான் டிவி 60 தடவை. ஆகவே நாம் ஆடிய மரியோ அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான், பாட்டும் இழுத்துக்கொண்டே வந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சரியான வேகத்தில் கேட்டபோது யாரோ அவசரப்படுத்துவது போல இருந்தது.

இதன் பெருமை ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது. பெட்டியோடு இரண்டு வரும். விடாமல் சுடுகிற டர்போ பொத்தானும் உண்டு, கட்டை விரல் பிழைத்தது. இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று ஆடும் கேம்கள் அதில் கொட்டிக் கிடந்தன. நாம்கோவின் பேட்டில் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் வந்தது. கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. இருவரும் அதைக் காக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு இருபது எதிரி டாங்கிகள். முதல் ஆட்டக்காரருக்கு மஞ்சள் டாங்கி, இரண்டாமவருக்குப் பச்சை. கறுப்பு வெள்ளை டிவியில் இரண்டும் ஒரே சாம்பல்! இங்கே அட்டாரியின் விசை இல்லாத குறை நன்றாகத் தெரியும். அண்ணனின் குண்டு தம்பியின் டாங்கியில் பட்டால் சாகாது, ஆனால் சில நொடிகள் அசையாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் எதிரி கழுகை அடித்துவிடுவான். “வேண்டுமென்றே சுட்டாய்!” “நீதான் குறுக்கே வந்தாய்!” அம்மா தோட்டத்து வேலைக்காடான தீம்பாரிலிருந்து திரும்பி வந்ததும் முதல் வழக்கு இதுவாகத்தான் இருக்கும்.

மின்சாரக் கணக்கில் இது அட்டாரியிடம் தோற்க வேண்டிய பெட்டி. சூப்பர் மரியோ பிரதர்ஸில் எட்டு உலகம், உலகுக்கு நான்கு கட்டம், சேமிக்க வழியில்லை. ஆனால் முதல் உலகின் இரண்டாம் கட்டத்தில் கூரைமேல் ஏறி ஓடினால் கடைசியில் மூன்று குழாய்கள் வரும். ஒன்று நேரே நான்காம் உலகத்துக்குப் போகும். அங்கே இரண்டாம் கட்டத்தில் ஒளிந்திருக்கும் கொடியில் ஏறினால் எட்டாம் உலகம். எல்லா ஊரிலும் பிள்ளைகள் குறுக்கு வழியை வேடிக்கைக்குத் தேடினார்கள், நாங்கள் ஜெனரேட்டருக்குப் பயந்து தேடினோம். கேம் அடங்கிய கேசட் விஷயத்திலும் நகல் பெட்டி கைகொடுத்தது. அட்டையில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே அதே சில கேம்கள்தான் பெயர் மாறி மாறி வரும். ஏமாற்றுதான், ஆனாலும் ஒரே கேசட்டில் லயமே ஒரு பள்ளி விடுமுறையை ஓட்டிவிடும்.

மெகா டிரைவ் மேல் எனக்கு மரியாதை உண்டு, பாசம் இல்லை. சேகா அதை 1988இல் ஜப்பானில் வெளியிட்டது. 16 பிட், படமும் சத்தமும் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் கறுப்பு வெள்ளை டிவியில் போட்டால் அந்தக் காசெல்லாம் வீண். அதன் முகமாக விளங்கிய சோனிக் 1991இல் வந்தபோது ஒருவர் மட்டும் ஆடுகிற ஆட்டம்; இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு வேலை கிடைத்தது அடுத்த ஆண்டு சோனிக் 2இல்தான். சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பொத்தான் வேண்டும், பெட்டியோடு வந்ததில் மூன்றுதான். ஸ்டார்ட்டை அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் டவுன் கடையில்தான் ஆடினார்கள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இன்று ஆசைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஃபேமிகாமின் சிறிய பதிப்பு 2016இல் வந்தது, மெகா டிரைவ் மினி 2019இல், பழைய கேசட்டையே செருகி ஆடக்கூடிய அட்டாரி 2600 பிளஸ் 2023இல். திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் கேம் துப்பாக்கிக்காக மட்டும் பழைய நகல் பெட்டியைத் தேடுகிறீர்கள் என்றால், முதலில் பழைய குழாய் டிவி (CRT) ஒன்றைப் பிடியுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும்; துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. தட்டை டிவி அதைத் தாமதித்துக் காட்டுவதால் எத்தனை குறி வைத்தாலும் வாத்து விழாது. விற்பவரிடம் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அரை விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.