நேரியதுக்கு ஒரு புரோச், பட்டுக்கு வேறொன்று

கேரள எல்லையோரம் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் ஒரே அலமாரியில் காஞ்சிபுரம் பட்டும் பாலராமபுரம் செட்டு முண்டும் அடுத்தடுத்து மடித்து இருக்கும். கல்யாணத்துக்குப் பட்டு, ஓணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் செட்டு முண்டு. இரண்டுக்கும் பிடிப்பு இடது தோளில்தான். ஆனால் அந்தத் தோளில் இரண்டு துணியும் நிற்கிற விதம் வேறு. அதனால் "நல்ல புரோச் ஒண்ணு சொல்லுங்க மைனி" என்று யார் கேட்டாலும், "எந்தத் துணிக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒன்றையே இரண்டுக்கும் குத்தினால் பட்டில் அது நிற்காது. இல்லாவிட்டால் செட்டு முண்டின் மேல்துணியான நேரியது கிழியும்.

நம் பக்கத்தில் கைக்குக் கிடைப்பவை இவை: வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் பவுன் பட்டை புரோச், நாகர்கோவில் வடசேரிக் கெம்புக்கல் புரோச், காந்த புரோச், சங்கிலி தொங்கும் இமிடேஷன் கல் புரோச். இவற்றோடு அஞ்சாவதாகச் சேஃப்டி பின்னையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

புரோச் முதலில் வேலைக்காகப் பிறந்த பொருள். தையல் குறைவாக இருந்த காலத்தில், உடம்பைச் சுற்றிய துணி நழுவாமலிருக்க ஐரோப்பாவில் வெண்கலக் காலத்திலேயே ஃபிபுலா வந்துவிட்டது. கம்பியின் ஒரு முனை சுருண்டு வில்லாக விசை கொடுக்கும், ஊசிமுனை எதிரிலுள்ள கொக்கியில் போய் அமரும். ரோமானியப் படைவீரன் வலது தோளில் மேலங்கியை இதை வைத்துத்தான் மாட்டினான். வாள் வீசும் கை விடுதலையாக இருக்க வேண்டுமே. வைக்கிங் பெண்கள் உடையின் தோள்வார்களை இரண்டு நீள்வட்ட புரோச்சுகளால் பிடித்து, நடுவில் மணிச்சரம் தொங்கவிட்டார்கள். 1850இல் அயர்லாந்தின் மீத் பகுதிக் கடற்கரையில் கிடைத்த டாரா புரோச் சுமார் 1,300 ஆண்டு பழையது. இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பின்பக்கம். துணியோடு ஒட்டிக் கிடந்து யார் கண்ணிலும் படாத அந்தப் பக்கத்திலும் கைவினைஞர் மிக நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்.

இந்தக் கதை திரும்புகிற இடம் 1849 ஏப்ரல் 10. அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றும் விட்டார். பழைய ஃபிபுலாவின் அதே சுருள்தான், கூடுதலாக முனையை மூட ஒரு தொப்பி. துணியைப் பிடிக்கிற வேலையைச் செய்ய இப்படி மலிவான ஒன்று வந்தபின், புரோச் மெல்ல மெல்ல அழகுக்கும் செய்திக்கும் என்று ஆகிவிட்டது. விக்டோரியா அரசிக்கு 1840இல் திருமணத்துக்கு முந்தைய நாள் ஆல்பர்ட் கொடுத்தது நீலக்கல் புரோச். 1861இல் அவர் இறந்தபின் அரசி கறுப்பு உடுத்த, விட்பி ஊரின் கறுப்பு ஜெட் கல்லில் செய்த துக்க நகைகள் நாடெங்கும் பரவின. 1994இல் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட்டை ஈராக் பத்திரிகை பாம்பு என்று ஏசியது. அடுத்த முறை ஈராக் விவகாரம் பேச வந்தபோது அவர் பாம்பு புரோச்சையே அணிந்து வந்தார்.

சேலைக்குப் புரோச் வந்த வழி வேறு. 1860களில் ஞானதாநந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமகள், கணவரோடு பம்பாய்ப் பக்கம் போய்ப் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைப் பார்த்தார். அதைத் தன் போக்கில் மாற்றி, ரவிக்கை, உள்பாவாடையோடு முந்தானையை இடது தோளில் புரோச்சால் நிறுத்தும் உடுப்பை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். வங்காளச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்துப் பெண்கள் வழியாக அது பரவியது. நாம் இன்று பொதுச் சேலைக்கட்டு என்று நினைப்பதில் அந்த இடது தோள் பிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பக்கமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரிலோ தோள்துணி என்றாலே அது சாதாரணக் காரியம் இல்லை. தோள்சீலைக்காக அடிபட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் போராடிய பெண்களின் ஊர் இது. மேல்துணி உடுத்த அனுமதித்த 1859 ஜூலை 26 அரசாணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பெண்களின் கொள்ளுப் பேத்திகள் இன்று எந்தத் துணியையும் எந்தத் தோளிலும் போட்டு, அதன்மேல் பொன் குத்திக்கொண்டு நடக்கிறார்கள். புரோச்சை வெறும் ஃபேன்சி சாமான் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளைச் சட்டை, பின்னால் விசிறி மடிப்பு வைத்த முண்டு, அதற்கு மேல் கவணி என்ற மேல்துணி என்று உடுத்தினார்கள். கவணி தோளில் நிற்கப் பொன் புரோச். தலை முதல் கால் வரை வெண்மை, காதில் குணுக்கு, தோளில் அந்த ஒரே ஒரு பொன் துளி. உடுப்புக்கும் புரோச்சுக்கும் இவ்வளவு பொருத்தம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இப்போது வயதானவர்களிடமும் விழா மேடைகளிலும்தான் அதைப் பார்க்க முடிகிறது.

இனி ஒப்பீடு. செட்டு முண்டிலிருந்து தொடங்குகிறேன், தவறு அதிகம் நடப்பது அங்கேதான்.

நேரியது மெல்லிய பருத்தி. திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மா (1798–1810) காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சாலிய நெசவாளர்களைக் குடியமர்த்தி வளர்ந்தவை பாலராமபுரத்துத் தறிகள். நூலில் நம் ஊர்க் கையும் இருக்கிறது. அந்தத் துணியில் கனமான புரோச்சைக் குத்தினால் துணி முன்பக்கம் தொங்கி, ஓட்டை நீண்டு, சாயங்காலத்துக்குள் நூல் விலகிவிடும். பழைய பவுன் பட்டை புரோச் இங்கே எல்லாவற்றையும் வெல்கிறது. அரைப் பவுன், அதாவது நாலு கிராமைச் சுற்றிய எடை. நீளவாக்கில் இருப்பதால் பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுகிறது, ஊசியும் மெல்லியது. சந்தன நிறத் துணியில் பொன் தனியாகத் துருத்தாமல் கசவோடு சேர்ந்துகொள்கிறது. குத்தும்போது கசவுக் கரையில் ஊசியை ஏற்றாதீர்கள். சரிகை இழை அறுந்தால் மறுபடி சேராது. கரையை ஒட்டி, பருத்தி உடலில் குத்துங்கள்.

பழைய புரோச்சில் ஒரு குறை உண்டு. ஊசிமுனை அமரும் கொக்கி வெறும் வளைவாகத் திறந்தே இருக்கும், பூட்டு கிடையாது. கூட்டத்தில் யாராவது தோளில் இடித்தால் கழன்று விழும். நகை ஆசாரியிடம் கொடுத்தால் சுழலும் பூட்டு வைத்துத் தருவார். புதிதாகச் செய்கிறவர்கள் முழுக்க 22 காரட்டில் கேட்காதீர்கள். 916 பொன் மென்மையானது, ஊசி நாலு தடவை குத்தினாலே வளையும். முகப்பு எதுவாக இருந்தாலும் ஊசி 18 காரட்டிலோ எஃகிலோ இருக்கட்டும். கடையில் வாங்கினால் ஹால்மார்க்கின் ஆறிலக்க எண்ணெழுத்துக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம்.

வடசேரிக் கெம்பு புரோச்சை நேரியதில் வைத்துப் பார்க்கும்போது நிறம் மனதை அள்ளும். வெண்மையில் அந்தச் சிவப்பு வேறெதற்கும் வராது. ஆனால் அது வெள்ளித் தகட்டில் வடிவம் செய்து, கல் பதித்து, சுற்றிப் பொன் தகடு ஒட்டிய வேலை. சாமி சிலைகளுக்கும், பிறகு பரதநாட்டிய மேடைக்கும் என்று வளர்ந்து புவிசார் குறியீடு பெற்ற கைவினை. பாரம் அதன் இயல்பு. நேரியது அதைத் தாங்காது. ஆசை விடவில்லை என்றால் ரூபாய் நாணய அளவில் ஒற்றைப் பூவாகச் செய்து கேளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

அதே கெம்பு புரோச் காஞ்சிபுரம் பட்டில் ராணி. அரக்குச் சிவப்பு, மயில் கழுத்து, கரும்பச்சை, எந்தப் பட்டிலும் அது தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பவுன் பட்டையோ அங்கே சரிகைக் கரைக்குள் காணாமல் போய்விடும். பொன்மேல் பொன் தெரிவதில்லை. ஒரு சிக்கல்: பட்டு முந்தானையை மடித்தால் தோளில் அஞ்சாறு அடுக்கு சேரும். எந்த அலங்கார புரோச்சின் ஊசியும் அத்தனையையும் ஊடுருவி ரவிக்கையையும் பிடிக்காது. அதனால்தான் சேஃப்டி பின்னை இந்த ஆட்டத்தில் சேர்த்தேன். ரவிக்கையோடு சேர்த்து உள்ளிருந்து பெரிய பின் பாரத்தைத் தாங்கட்டும், புரோச் மேல் இரண்டு அடுக்கை மட்டும் பிடித்தால் போதும். பின்னின் சுருளில் பட்டு இழை சிக்காமலிருக்க ஒரு சின்ன மணியைக் கோத்துக்கொள்ளுங்கள். பின் குத்தினால் புரோச்சுக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1849க்குப் பிறகு புரோச்சுக்குக் கிடைத்த விடுதலையே அதுதான்.

கெம்புக்கல்லின் அடியில் பளபளப்புக்குத் தகடு வைத்து மூடியிருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் கல் கறுத்துவிடும். கழுவாதீர்கள், சென்ட் அடித்து முடித்தபின் குத்துங்கள், வீட்டுக்கு வந்ததும் காய்ந்த மல் துணியால் துடைத்து வையுங்கள்.

காந்த புரோச்சுக்கு இப்போது நல்ல கிராக்கி. துணியில் ஓட்டை விழாது என்பது உண்மையான லாபம். ஜார்ஜெட், ஷிஃபான், மெல்லிய துப்பட்டா ஆகியவற்றில் ஊசி புரோச்சைவிட இதுவே மேல். ஆனால் நடுவில் துணியின் கனம் கூடக் கூட காந்தப் பிடி சடசடவெனக் குறைகிறது. பட்டு முந்தானையில் வைத்தால் கை தூக்கும்போதே வழுக்கும். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்த புரோச்சைத் தொடவே வேண்டாம். பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழே, அதாவது நாம் புரோச் குத்தும் இடத்திலேயே பொருத்துகிறார்கள். காந்தத்தை அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வது மருத்துவர் வழக்கம். பாட்டிக்கு ஆசையாய் வாங்கிக் கொடுக்குமுன் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பின்பக்கக் காந்தத் துண்டைக் கண்ட இடத்தில் போடவும் கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

சங்கிலி தொங்கும் இமிடேஷன் புரோச் போட்டோவில் அழகு. இருநூறு முந்நூறு ரூபாயில் ஒரு நாள் விருந்துக்குப் போதும். மற்றபடி என் வாக்கு அதற்கு இல்லை. சங்கிலி மாலையில் மாட்டும், கூந்தலில் மாட்டும், இடுப்பில் இருக்கும் குழந்தை கையில் மாட்டும். நம் கடலோர வேர்வையில் முலாம் சீக்கிரம் வெளுத்துத் துணியில் பச்சைக் கறை விழும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் அரிக்கும்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோள் உச்சியில் குத்தினால் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. தோள் தையலிலிருந்து நாலு விரல் இறக்கி, காறையெலும்புக்குக் கீழே குத்தினால் முகத்தோடு சேர்ந்து தெரியும். கழுத்தில் காசுமாலையோ மாங்காய் மாலையோ இருந்தால் புரோச்சைச் சின்னதாக்குங்கள், இல்லை விட்டுவிடுங்கள். கழுத்தில் ஒற்றைச் சங்கிலி மட்டுமென்றால் பெரிய கெம்பு எடுக்கலாம். மல்லிகை இடது தோளில் வழிய வைக்கிற பழக்கமுள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் பூவை வலப்பக்கம் தள்ளுங்கள். ஆண்களுக்குக் கோட்டின் இடது மடிப்பு ஒன்றே இடம். அங்கே பூச்செண்டு இருந்தால் புரோச் வேண்டாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை? செட்டு முண்டும் காட்டன் சேலையும் அதிகம் உடுத்துகிறவர்கள் பவுன் பட்டை எடுங்கள். வருடத்தில் பல கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துகிறவர்கள் வடசேரிக்குப் போங்கள். போகும்போது அந்தப் பட்டுச் சேலையையும் கையோடு கொண்டுபோய், முந்தானையை நீங்கள் மடிக்கிற அகலத்திலேயே மடித்து ஆசாரியிடம் காட்டுங்கள். மேல் இரண்டு அடுக்கைப் பிடிக்க எவ்வளவு நீள ஊசி வேண்டும் என்பதை அவர் துணியைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்வார். பூட்டு சுழல்பூட்டாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.