வேலையை விட்டவரின் கணக்கு: சொந்த சர்வரா, கிளவுடா?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நிறுத்தியது. சிங்கப்பூரின் ஊபியில் அலுவலகமும் துவாஸில் கிடங்கும் கொண்ட எங்கள் நிறுவனத்தின் பயனர் கணக்குகள் அத்தனையும் அப்படிப்பட்ட ஒரு சர்வரில்தான் இருந்தன. புதிய சர்வர் வாங்கி, பயனர் கணக்குகளைச் சொந்த சர்வரில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியையே தொடர்வதா, மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான என்ட்ரா ஐடிக்குப் போவதா, கூகள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறிவிடுவதா என்ற கேள்வி வந்தது. என்ட்ரா ஐடிக்குப் போனோம். அஷூர் ஏடி என்ற பெயரில் இருந்து, 2023இல் பெயர் மாற்றப்பட்ட அதே சேவைதான். இன்று மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன், ஆனால் விற்பனையாளர்கள் அடுக்கும் காரணங்களுக்காக அல்ல.

விலையை முதலில் முடித்துவிடலாம். சொந்த சர்வருக்கு ஒரு முறை பெருந்தொகை, கிளவுடுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஆள் குறைவு என்றால் கிளவுட், ஆள் பெருகப் பெருகக் கணக்கு மாறும். பராமரிப்பில் சொந்த சர்வர் தோற்கிறது. 2020இல் வெளிவந்த ஸீரோலாகன் என்ற பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள். நெட்வொர்க்குக்குள் கால் வைத்த ஒருவன் கடவுச்சொல்லே இல்லாமல், உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைக் கைப்பற்ற முடிந்தது. அத்தகைய ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை மாதந்தோறும் நிறுவுவது, கணினிப் பிரிவில் ஓர் ஆளோ இரண்டு ஆளோ உள்ள நிறுவனத்துக்குச் சுமைதான்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் பட்டது ஒன்றே: ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் கணக்கு உண்மையிலேயே மூடுகிறதா, மூடியதை எப்படித் தெரிந்துகொள்வது? சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒப்பந்த ஊழியர், பகுதிநேரப் பணியாளர், வேலைப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் என்று வருவோரும் போவோரும் ஓயமாட்டார்கள். “தம்பி, அவர் போன வாரமே போய்விட்டாரே, உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?” என்று மனிதவளப் பிரிவு அக்கா சாவகாசமாகக் கேட்பார். சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

ஆக்டிவ் டைரக்டரியில் கணக்கை முடக்கினால் புதிய உள்நுழைவு நின்றுவிடும். ஆனால் கோப்புப் பகிர்வு போன்ற சேவைக்கு ஏற்கெனவே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் என்ற அனுமதிச்சீட்டு இயல்பான அமைப்பில் 10 மணி நேரம் வரை செல்லுபடியாகும். மடிக்கணினி வீட்டில் இருந்தால் இன்னொரு சங்கடம். டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியாதபோது விண்டோஸ் தன்னிடம் சேமித்துள்ள பழைய உள்நுழைவு விவரத்தை வைத்துத் திறந்துவிடும். இயல்பாக 10 என்று ஓர் எண் இதற்கு உண்டு. பத்து முறைதான் திறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பத்துப் பேரின் விவரத்தைச் சேமிக்கும் என்று பொருள். முறைக்கு வரம்பே இல்லை. நீங்கள் முடக்கியது அந்த மடிக்கணினிக்குத் தெரியவேண்டுமானால் அது அலுவலக நெட்வொர்க்குக்கோ, வெளியிலிருந்து அதோடு இணைக்கும் விபிஎன்னுக்கோ வந்தாக வேண்டும். வேலையை விட்டவர் எதற்காக விபிஎன் போடப்போகிறார்?

என்ட்ராவில் உள்நுழைவைத் தடுத்து, திறந்திருக்கும் அமர்வுகளை ரத்து செய்துவிட்டால், கையில் உள்ள அனுமதி வழக்கமாக ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் காலாவதியாகும். அஞ்சல், டீம்ஸ், ஷேர்பாயின்ட் போன்றவற்றில் அதற்கும் முன்பே கதவு சாத்தப்படும். இணைப்பில்லாத மடிக்கணினி இங்கேயும் பழைய நினைவில் திறக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் மைக்ரோசாஃப்ட் 365 பிஸினஸ் பிரீமியம் உரிமத்தோடு வரும், கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இன்டியூனில் அழிப்புக் கட்டளையை இட்டு வைத்தால், அந்தக் கணினி எந்தக் காப்பிக்கடை வைஃபையைத் தொட்டாலும் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

அடுத்தது, யாரும் சொல்லாமல் விட்ட கணக்குகளைக் கண்டுபிடிப்பது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவரின் கடைசி உள்நுழைவு நேரம் அந்தந்த டொமைன் கன்ட்ரோலரில் மட்டுமே துல்லியமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பரவும் நேரம் 9 முதல் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். மூன்று மாதமாகத் தூங்கும் கணக்கைப் பிடிக்க அது போதும், போன வாரம் விட்டவரைப் பிடிக்கப் போதாது. தூங்கும் கணக்குகள் எவ்வளவு ஆபத்தானவை என்பது நமக்குப் புதிதல்ல. 2018இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் நோயாளிகள் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோனபோது, அன்றாட வேலையில் பயன்படாமல் கிடந்த நிர்வாகக் கணக்கு ஒன்று எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு இருந்தது விசாரணையில் தெரியவந்தது. சிங்ஹெல்த்தின் கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

இவ்வளவு சொன்ன பிறகு என்ட்ராவின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். இலவச நிலையில் உள்நுழைவுப் பதிவுகள் 7 நாள்தான் இருக்கும். பிஸினஸ் பேசிக், ஸ்டாண்டர்டு உரிமங்கள் வைத்திருப்பவர்களுக்கும் கிடைப்பது இந்த நிலையே. சீனப் புத்தாண்டுக்குக் கடையடைத்துவிட்டு வந்தால் விடுமுறைக்கு முன்பு நடந்ததன் சுவடே இருக்காது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதிக்கும் கசிவு என்று மதிப்பிட்டுவிட்டால் மூன்று நாள்காட்டி நாள்களுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார் என்ற பதிவு இல்லாமல் எதை மதிப்பிடுவது? என்ட்ராவின் கட்டண நிலையான பி1 உரிமம் இருந்தால் 30 நாள். பிஸினஸ் பிரீமியத்தில் அது அடக்கம். அதுவும் போதாது என்பதால் பதிவுகளைத் தனியே இறக்கிச் சேமித்து வைக்கிறோம். சொந்த சர்வரில் இடம் ஒதுக்கும் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கணக்கு பூட்டிக்கொண்டால் 4740, புதிய கணக்கு உருவானால் 4720 என்று நிகழ்வு எண்கள் வரிசையாகக் கிடைக்கும். பதிவேடு நிரம்பினால் பழையது அழியும், அதைப் பார்த்துக்கொண்டால் சரி.

இன்னொன்றிலும் பழையதே மேல். ஆக்டிவ் டைரக்டரியில் கணக்குக்குக் காலாவதித் தேதி குறித்துவிடலாம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, முதலாளி பொதுவாக ஒரு மாதம் முன்பே வரி ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்ப வேண்டும் என்பதால், மனிதவளப் பிரிவுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். அன்றே குறித்துவிட்டு மறந்துவிடலாம். என்ட்ராவில் அப்படி ஒரு புலமே கிடையாது. தானாக மூட வேண்டுமானால் கூடுதல் உரிமம் வாங்கவோ, சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதவோ வேண்டும். நாங்கள் ஐஆர்21 பட்டியலின் ஒரு பிரதியைக் கணினிப் பிரிவுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டோம்.

கண்காணிப்பில் உள்ளூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் ஊழியர்களில் சிலர் மலேசியாவின் ஜோகூரில் குடியிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறார்கள். சிங்கப்பூருக்கு வெளியிலிருந்து வரும் உள்நுழைவை எல்லாம் தடு என்று விதி போட்டால், முதல் இரவே அவர்கள் வீட்டு வைஃபையிலிருந்து புகார் வரும். மலேசியாவை விட்டுவைத்து மற்றவற்றைத் தடுத்தோம். விதி போடும் வசதிக்கும் பி1 வேண்டும்.

இரண்டையும் இணைத்து நடத்தும் நடுவழியும் இருக்கிறது. சொந்த சர்வரில் முடக்கியது கிளவுடுக்குப் போய்ச் சேர இயல்பாக 30 நிமிடம் வரை ஆகும். இரண்டு இடத்தையும் பராமரிக்க வேண்டும் என்பதால் நான் விரும்பவில்லை. பழைய கணக்கியல் மென்பொருளோ, டொமைனை நம்பிய இயந்திரமோ இருந்தால் உங்களுக்கு வேறு வழி இருக்காது.

கூகளைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லை. என் சொந்த அக்காவின் துணைப்பாட நிலையத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். உள்நுழைவுப் பதிவுகள் ஆறு மாதம் இருப்பது என்ட்ராவைவிடத் தாராளம். நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், என்ட்ராவில் அது 30 நாள். விண்டோஸ் கணினிகள் நிறைந்த அலுவலகத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

கிடங்கில் பத்துப் பேர் ஒரே பெயரில் நுழையும் பொதுக் கணினி இருந்தால், எந்த அமைப்பை வாங்கினாலும் கண்காணிப்பு வெறும் பேச்சு. அவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் எஃப்1 உரிமம் பாருங்கள். அஞ்சல் பெட்டி கிடைக்காது, ஆனால் பி1 உள்ளே இருக்கிறது, விலையும் குறைவு. துவாஸில் இப்போது பாதிப் பேருக்கு மாற்றியிருக்கிறோம். மீதிப் பேருக்கு முதலாளியின் கையெழுத்து இன்னும் வரவில்லை.