கடனையும் சேர்த்துச் சொத்துக்கணக்கு எழுத கூகுள் ஷீட்ஸ்: 20 மாத அனுபவம்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் கணவரும் உட்கார்ந்து எங்களிடம் உள்ளது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கூகுளின் இணையக் கணக்குத் தாளான கூகுள் ஷீட்ஸில் எழுதிக் கூட்டினோம். வந்தது மைனஸ் 9,12,000. இரண்டு பேருக்கும் கல்விக்கடன். நான் இன்ஜினியரிங்குக்கு வாங்கியது நாலரை லட்சத்துக்கும் குறைவுதான், ஆனால் படித்த நான்கு வருஷமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் வட்டி ஏறி, தவணை தொடங்கிய அன்று 6 லட்சமாக நின்றது. அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்து அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அதற்கு முன் ஒரு ஆப் வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். எஸ்எம்எஸ் எல்லாம் படிக்க அனுமதி கேட்டது, சேமிப்பையும் மியூச்சுவல் ஃபண்டையும் அழகாக வட்டப்படம் போட்டுக் காட்டியது, கல்விக்கடனை மட்டும் எங்குமே காட்டவில்லை. கடனை விட்டுவிட்டுச் சொத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து, கையில் இல்லாத பணத்தை இருப்பதாக நம்ப வைத்துவிடும்.

ஷீட்ஸ் இலவசம். ஒரே தாளை இரண்டு பேரும் அவரவர் ஃபோனில் திறந்து எழுதலாம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவும் இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் கையால்தான் அடிக்க வேண்டும். பலர் இதைக் குறையென்பார்கள், எனக்கு இதுதான் பிடித்தது. மாதம் 5-ஆம் தேதி லோன் பாக்கியை நானே அடிக்கும்போதுதான் அது மனதில் பதிகிறது.

எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்தது தவணை அட்டவணை. 6 லட்சம், 10.5 சதவீத வட்டி, 10 வருஷம் என்று கொடுத்தால் மாதத் தவணை 8,096 ரூபாய் என்று ஷீட்ஸில் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி ஃபார்முலா சொல்கிறது. அதில் முதல் மாதம் வட்டிக்கே 5,250 போகிறது, அசலில் குறைவது 2,846 மட்டும். மாதம் 4,000 கூடுதலாகக் கட்டினால் என்னாகும் என்று போட்டுப் பார்த்தேன். 120 மாதம் 66 மாதமாகிறது, வட்டியில் சுமார் 1.8 லட்சம் மிச்சம். "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினேன். மறுமாதமே இன்னொரு சீட்டில் சேரும் யோசனையை விட்டுவிட்டோம். கூடுதல் பணத்தை அசலில் கழிக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

சிலர் கல்விக்கடனுக்கு வருமான வரியில் கிடைக்கும் 80இ சலுகைக்காகவே கடனை இழுக்கச் சொல்வார்கள். அது வட்டிக்கு மட்டும், அதிகபட்சம் 8 வருஷம், அதுவும் பழைய வரிமுறையில்தான். நாங்கள் புதிய முறையில் இருக்கிறோம், எங்கள் சம்பளத்துக்கு வரியே வரவில்லை, அதனால் அந்தச் சலுகைக்கான வரிசையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டோம்.

நகையில்தான் நீண்ட வாக்குவாதம். தாலிக்கொடியைச் சேர்க்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றதை எடைக்கு மட்டும், செய்கூலி சேதாரம் இல்லாமல், தாள் தொடங்கிய நாளின் விலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். பவுன் விலை ஏறியதால் கூடும் தொகையைப் பார்த்துக் கடன் குறைந்ததாக நினைத்துவிடக் கூடாது. பி.எஃப். பாஸ்புக் பார்த்து அதற்கும் ஒரு வரிசை உண்டு.

எச்சரிக்கை ஒன்று. தனித் தாளுக்குப் பாஸ்வேர்டு போட வழியில்லை. அதனால் கூகுள் கணக்குக்கே இரட்டைச் சரிபார்ப்பு போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு எண், பின் நம்பர் எதையும் உள்ளே எழுதாதீர்கள், லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பைத் தொடவே வேண்டாம். ஃபார்முலாக்களை லேப்டாப்பில் ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் ஃபோன் போதும்.

இன்றைய எண் மைனஸ் 3,80,000. கல்யாணத்தில் வந்த மொய்யையும் மொய் நோட்டைப் பார்த்துக் கடன் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறோம், ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டியதுதானே. போன வாரம் கரூரில் ஒரு கல்யாணத்தில் 2,000 எழுதிவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸிலேயே அவர் ஃபோனை எடுத்து மொய் வரிசையில் கழித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.