நாகமலை அடிவார முதியோர் இல்லம்: கட்டடம் குறித்து ஒரு மதிப்பீடு

மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் என் பெரியம்மா தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தின் பெருஞ்சிறப்பு அதன் கட்டட அமைப்பே ஆகும். நடுவில் வேப்பமரம் நிற்கும் முற்றமும், அதைச் சுற்றி ஓடு வேய்ந்த தாழ்வாரமும், அத்தாழ்வாரத்தை நோக்கியே திறக்கும் அறைக் கதவுகளும் இருப்பதால், அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் இயல்புடையவர்கள்கூட மாலையில் தாமாகவே திண்ணைக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல்கள் தாழ்வாக அமைந்திருப்பதால் படுக்கையிலிருந்தபடியே மரத்தைப் பார்க்க முடிகிறது. ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற அளவில் சீராக உள்ளது. உணவு நன்று.

கழிவறைதான் மிகுந்த கவலை தருகிறது. முதுமையில் விழிவில்லை மஞ்சளித்து, நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் குறையும் நிலையில், சுவர், தரை, பீங்கான், கைப்பிடி ஆகிய அனைத்தையும் வெள்ளையாகவே அமைத்திருப்பது வழுக்கி விழுவதற்கு வழிவகுக்கும். கைப்பிடிக்கு அடர்நீலமோ சிவப்போ பூசுவது பெருஞ்செலவன்று. நிர்வாகத்திடம் இதை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். பார்வை மங்கியவர்களைச் சேர்க்க எண்ணுவோர், கைப்பிடியின் நிறம் மாற்றப்பட்டுவிட்டதா என்று நேரில் பார்த்த பின்னரே முன்பணம் கட்ட வேண்டும்.