பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டி: முழங்காலுக்குச் சரி, முன்பல்லுக்கு?

மருந்துக்கடையில் பள்ளிக்கென்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டியில் பஞ்சு, காஸ் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி), பேண்டேஜ் சுருள், பிளாஸ்திரி, கத்தரிக்கோல், கிருமிநாசினித் திரவம், அயோடின் களிம்பு இருக்கும். சிராய்ப்புக்கு இது தாராளம். கபடியில் முட்டியோ படகுத்துறையில் வழுக்கியோ முன்பல் தெறித்த பிள்ளைக்கு இதில் காஸைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, உள்ளிருக்கும் இரண்டு பொருள் பல்லைக் கெடுத்தேவிடும்.

ஒன்று கிருமிநாசினி. வேரோடு விழுந்த பல்லின்மேல் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். பல் திரும்பப் பிடிப்பது அதிலுள்ள உயிருள்ள செல்களால்தான். மருந்து பட்டால் அவை செத்துவிடும். இன்னொன்று பஞ்சு. விழுந்த பல்லைப் பஞ்சில் பொதிந்து வைக்கத்தான் கை போகும், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவிடும். 60 நிமிடம் காய்ந்தால் செல்கள் பிழைப்பது அரிது. பிறகு பல்லை நட்டாலும் வேர் எலும்போடு இறுகி, நாளடைவில் கரைந்துபோகும். தனுஷ்கோடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பல் மருத்துவரைத் தேடிப் போவதாக வையுங்கள்: ராமேஸ்வரம் சுமார் 20 கிலோமீட்டர், அங்கிருந்து ராமநாதபுரம் சுமார் 55. அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே பெட்டியை வாங்கலாம், அப்படியே மாட்டிவைக்கக் கூடாது. 200 மில்லி டெட்ரா பேக் பால் (இந்த வெயிலுக்குச் சாதாரணப் பாக்கெட் பால் தாங்காது), இறுக மூடும் சின்ன டப்பா, ஒரு சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில், கையுறை ஆகியவற்றைச் சேர்த்தால் பல்லுக்கும் உதவும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கடல்நீரில் அலசக் கூடாது. சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கடலில் சுமார் 35, அவ்வளவு உப்பு அந்தச் செல்களுக்கு ஆகாது. இளநீர் புளிப்புத்தன்மை உள்ளது, பதநீரில் சுண்ணாம்பு, இரண்டும் வேண்டாம்.

பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாளில் இதை எழுதி ஒட்டலாம்: பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடி, வேரைத் தொடாதே. அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசு, தேய்க்காதே. பல்லின் முன்பக்கம் வெளியே பார்க்கும்படி அது விழுந்த குழிக்குள் மெல்ல அழுத்து, மடித்த காஸைக் கடித்துக்கொள்ளச் சொல், உடனே பல் மருத்துவரிடம் கிளம்பு. பிள்ளை அழுது பல்லை வைக்க விடவில்லை, நமக்கும் கை நடுங்குகிறதென்றால் பால் டப்பாவில் போட்டுக் கொண்டுபோ. பால் கிடைக்காத இடத்தில் பிள்ளையின் எச்சிலைக் கிண்ணத்தில் துப்பவைத்து அதில் போடு. குழாய்த் தண்ணீர் நல்லதல்ல, ஆனாலும் காயவிடுவதைவிட மேல்.

இதெல்லாம் நிலைப்பல்லுக்கு. பால்பல்லைத் திரும்ப நடக்கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அடி படும். மேல் நடு முன்பல் 7, 8 வயதில்தான் மாறி முளைக்கும். எந்தப் பல் என்று சந்தேகமிருந்தால் பாலில் போட்டுக் கொண்டுபோனால் போதும், மருத்துவர் பார்த்துக்கொள்வார். உடைந்த துண்டையும் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போக வேண்டும், பல நேரம் ஒட்டவைத்துவிடலாம். துண்டைக் காணோம் என்றால் கிழிந்த உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிதான்.

மருத்துவர் வளையும் கம்பியால் பல்லை இரண்டு வாரம் கட்டிவைப்பார். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார், தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பெட்டியில் இன்னொரு குறை, பூட்டு. சாவி தலைமையாசிரியர் மேசையில், அவர் மீட்டிங்கில் என்றால் பால் உள்ளே இருந்தும் பயனில்லை. கொக்கி மட்டும் உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பால் பேக்கின் தேதியைப் பருவத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.