ஓய்வுக்குப் பிறகு: சொந்த ஊரா, சென்னையா, கோவைக் குடியிருப்பா?

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அறுபதிலும் உடம்பில் தெம்பு இருக்கிறது. எங்கே போய் இருப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வீட்டுப் பேச்சில் அடிபடுபவை மூன்று: சொந்த ஊர், சென்னையில் பிள்ளை வீடு, கோவைப் பக்கத்து மூத்தோர் குடியிருப்பு.

செலவில் ஊர்தான் மலிவு. நான் ஊரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. தாலுகா ஆபீசிலோ கருவூலத்திலோ காலம் தள்ளியவருக்குச் சம்பளம் குறைந்தது கூடப் பழகிவிடும். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒருவரும் வராதது பழகாது. ஊரில் அந்தக் கூட்டம் திண்ணைக்கே வரும். பட்டா மாறுதல், நின்றுபோன 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு என்று, விதி தெரிந்தவருக்கு வேலை ஓயாது. பங்காளித் தகராறுக்கு மட்டும் பேனாவைத் திறக்கக் கூடாது! பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருப்பது மெய்யான குறை.

சென்னையில் அந்தக் குறை இல்லை. பேரப்பிள்ளைகள், மார்கழிக் கச்சேரி, 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் எல்லாம் உண்டு. ஆனால் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்குத்தான் உங்கள் பொழுது ஓடும்.

கோவைக் குடியிருப்பை 'முதியோர் இல்லம்' என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மற்ற இரண்டு இடத்திலும் ஓய்வு பெறுவது கணவர் மட்டுமே; பொதுச் சாப்பாட்டுக்கூடம் உள்ள இடத்தில்தான் மனைவிக்கும் அடுப்படியிலிருந்து ஓய்வு. அவரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. பராமரிப்பும் சாப்பாடும் மாதாமாதம் கட்ட வேண்டியவை, ஏறக்கூடியவை. பழைய ஓய்வூதியத்தில் கணவர் கடைசிச் சம்பளத்தில் பாதி வாங்கினாலும், அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியமாக மனைவிக்கு வருவது பொதுவாக அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம். கட்டணம் அந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வயது வரம்பு உள்ள குடியிருப்பில், பின்னால் வீட்டை விற்க ஆள் தேடுவதும் கஷ்டம்.

என் வரிசை: ஊர், கோவை, சென்னை. இருவரில் ஒருவருக்கு இதய நோய் இருந்தாலோ, மனைவிக்கு மூட்டுவலி என்றாலோ கோவை முதலில். எப்படியானாலும் பணிக்கொடையை முதல் வருடமே வீட்டில் முடக்க வேண்டாம். கோவையில் வாடகைக்கும் வீடு கிடைக்கிறது. ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.