பழைய மரமா, பெட்டியில் வரும் பலகையா, ஷோரூம் தள்ளுபடியா? புது வீட்டுக்கு மலிவாகச் சாமான் வாங்குவது

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில்தான் நம் காசு அதிகமாக வீணாகிறது. ஹால் வெறுமையாகக் கிடக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது, வருகிறவர்களை உட்கார வைக்க நாற்காலி இல்லை. அந்த நேரத்தில் சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடுவோம். முதல் வீட்டுக்கு நானும் அப்படி ஒரு செட் வாங்கினேன். மூன்றாம் ஆண்டு வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி, புது இடத்தில் திரும்பப் பூட்டினோம். ஸ்க்ரூ ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. துளையிலிருந்து மரத்தூள்தான் கொட்டியது.

அதற்குப் பிறகு விலையைக் கேட்பதற்கு முன்பே, இது எத்தனை முறை வீடு மாறுவதைத் தாங்கும் என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்குவதில் அர்த்தமே இல்லை. மரம் மட்டுமே உள்ள பொருளைப் பழையதாக வாங்கலாம். துணியும் நுரையும் உள்ளதைப் புதியதாகத்தான் வாங்க வேண்டும்.

முதலில் பழைய மரச்சாமான். என்னைக் கேட்டால் உண்மையான மலிவு இங்கேதான் இருக்கிறது. மேசை, நாற்காலி, இழுப்பறைப் பெட்டி போன்றவை முதல் ஆள் கையிலேயே விலையின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. மரம் நல்லதாக இருந்தால் அதன் ஆயுளில் பாதிகூட முடிந்திருக்காது. ஆனால் மேல் பாலிஷைப் பார்த்து மயங்கக் கூடாது. இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். இரண்டு பலகைகளும் விரல் கோத்ததுபோல், புறாவின் வால் வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தால் செய்தவர் தொழில் தெரிந்தவர். வெறும் ஸ்டேப்பிள் பின் அடித்திருந்தால் அதற்கேற்ற குறைந்த விலைக்குப் பேசுங்கள். மேசைப் பலகையின் மேலே ஓடும் மர ரேகை விளிம்பில் மடங்கி இறங்குகிறதா, அடிப்பக்கத்திலும் அதே போக்கு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே தேக்கு ரேகை, கீழே மொட்டைப் பலகை என்றால் அது வெனீர் என்னும் மெல்லிய மர ஏட்டை மேலே ஒட்டியது. வெனீர் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் நன்றாகவே உழைக்கும், ஆனால் தேக்கு விலை கொடுக்கக் கூடாது.

நாற்காலி ஆடினால் பயப்பட வேண்டாம். ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் இறங்கும் பழைய இணைப்புகளில் பசைதான் விட்டிருக்கும்; பிரித்து, சுத்தம் செய்து, புதுப் பசை போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். விற்பவருக்கு ஆட்டம் ஒரு குறை, வாங்குபவருக்கு அது பேரத்துக்கான இடம். காலிலோ, கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்திலோ விரிசல் ஓடியிருந்தால் கதை வேறு, விட்டுவிடலாம். குண்டூசித் தலை அளவுத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் மரம் உளுக்கிறது என்று அர்த்தம். தட்டிப் பாருங்கள், தட்டத் தட்டப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரங்களுக்கும் பரவலாம்.

குறிப்பாக இரண்டு பொருட்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்க மாட்டேன். ஒன்று மெத்தை. மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்காமலேயே பல மாதம் உயிரோடு இருக்கும், தையல் மடிப்புக்குள் கண்ணில் படாது. இன்னொன்று குழந்தைத் தொட்டில். பக்கவாட்டுச் சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தும் வகைத் தொட்டில்களில் குழந்தைகள் இடுக்கில் மாட்டி இறந்ததால் அமெரிக்கா 2011-ல் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. அவை பழைய சாமான்களோடு இன்னும் கைமாறலாம். பெயிண்ட் அடித்த மிகப் பழைய சாமான்களிலும் கவனம் தேவை. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

அப்புறம், பெட்டியில் அடுக்கி வரும் பலகைச் சாமான். இதை மட்டமானது என்று மொத்தமாகத் தள்ளுவது நியாயமில்லை. பிரித்து அனுப்புவது ஒன்றும் நேற்று வந்த தந்திரமில்லை. மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, வளைத்த மரத்தால் ஆன 6 துண்டுகள், 10 ஸ்க்ரூ, 2 நட் அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அப்படி 36 நாற்காலிகளை அடுக்கி அனுப்பினார்கள். ஆனால் அது திட மரம். இன்று பெட்டியில் வருவதில் பெரும்பாலானவை மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. ஒருமுறை தண்ணீர் ஊறினால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ துளை தளரும்.

புத்தக அலமாரி வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லியே ஆக வேண்டும். தட்டு முழுவதும் புத்தகம் அடுக்கினால் அது நடுவில் தொய்யும் அளவு நீளத்தின் நான்காம் படிக்கு ஏறுகிறது, அதாவது நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 2×2×2×2 மடங்கு. 60 செ.மீ. தட்டைவிட, அதே தடிமனுள்ள 120 செ.மீ. தட்டு 16 மடங்கு தொய்யும்! ஆகவே அகலமான ஒரே அலமாரியைவிட ஒடுக்கமான இரண்டு நல்லவை. விலை கொஞ்சம் கூடினாலும் அதுதான் லாபம். வாங்கியதும் சுவரோடு பிணைக்கும் பட்டையை மாட்ட மறக்காதீர்கள். இழுப்பறையைப் பிடித்து ஏறும் குழந்தைகள் மேல் அலமாரி சாய்வது உண்மையில் நடக்கிறது. புதுப் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. உமிழ்வு குறைந்த ரகமா என்று கேட்டு வாங்கி, சில நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

துணி அலமாரிக்கு நான் பெட்டிச் சாமானையே சொல்வேன். பழைய மர பீரோ அழகுதான், ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுவிடும். ஏற்றிவர நாலு ஆளும் வண்டியும் வைத்தால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

ஷோரூமில் காட்சிக்கு வைத்து, சீசன் முடிவில் விலை குறைத்து விற்கும் பொருள் சோபாவுக்கு ஏற்றது. சோபாவின் தரம் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, அதனால் நேரில் சோதிக்காமல் வாங்கவே கூடாது. முன்பக்க மூலை ஒன்றைத் தூக்குங்கள். நீங்கள் ஒரு சாண் தூக்கும் முன்பே மறுபக்க முன்காலும் தரையை விட்டு எழும்பினால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. நுரையின் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ அளவில் இருந்தால் தினமும் உட்காரத் தாங்கும், அதைவிட ரொம்பக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி. ‘பாதி விலை’ அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். சில வாரங்களுக்கு முன்பே அதன் விலையைக் குறித்து வைத்தவருக்குத்தான் தள்ளுபடி உண்மையா என்று தெரியும். காட்சிக்கு வைத்த பொருளுக்கும் உத்தரவாதம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசாரியை வைத்துச் செய்வது மலிவு வழி என்று சிலர் சொல்வார்கள். சொந்த வீட்டில், சாய்ந்த கூரைக்கு அடியிலோ கோணல் மூலையிலோ பொருத்தச் சரி. வாடகை வீட்டில் வேண்டாம், சுவரோடு அடித்ததை உங்களோடு எடுத்துப்போக முடியாது.

எதுவும் வாங்குவதற்கு முன் வாசல் அகலத்தையும் மாடித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு பழைய செய்தித்தாள்களைச் சோபா அளவுக்குத் தரையில் விரித்து இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள். மெத்தையும் ஒரு மேசையும் முதலில் வந்தால் போதும். மற்றவற்றுக்கு ஹால் சில வாரம் காத்திருக்கட்டும். வீடு காலி செய்கிறவர்கள் மாதக் கடைசியில்தான் சாமானை விற்கத் தவிப்பார்கள். அவர்கள் சொல்லும் நாளில் வண்டியோடு போய் நிற்க முடிந்தவருக்கு, பேரம் பேசாமலேயே விலை இறங்கும்.